உழாத ஊருக்குப் போன கொழு

கடல் இப்போது நிற்கிற இடத்துக்கு ஒரு கூப்பிடு தூரம் உள்ளே நின்ற காலம். அப்போது ஆழிமுனை என்று ஒரு துறைமுகம் இருந்தது. அதை ஓர் அரசன் ஆண்டான். அவன் பெயர் எனக்கு மறந்துவிட்டது. அவன் எழுதி நாட்டிய கல் மட்டும் நினைவிருக்கிறது. கதை அந்தக் கல்லைப் பற்றியது என்பதால் நமக்கு ஒன்றும் நஷ்டமில்லை, கேளுங்கள்.

சுங்கச் சாவடியின் வாசலில் அந்தக் கல் நின்றது. எந்தச் சரக்குக்கு எவ்வளவு சுங்கம் என்று அதில் வெட்டியிருந்தார்கள். மிளகுக்குப் பத்தில் ஒன்று, துணிக்கு இருபதில் ஒன்று, மண்ணைக் கீறக் கலப்பை நுனியில் மாட்டும் உழவுக் கொழுவுக்கு நாற்பதில் ஒன்று. அதற்கும் கீழே, கடல் தாண்டிப் போகவே கூடாத பொருள்கள் மூன்றைப் பெரிய எழுத்தில் வெட்டியிருந்தார்கள். போர்க்குதிரை, கப்பல் கட்டும் மரம், வாள் அடிக்கும் உருக்கு.

அந்த ஊரில் இன்னொரு வழக்கமும் இருந்தது. கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் வணிகன் தன் மூட்டைமேல் வலது கையை வைக்க வேண்டும். சுங்க அதிகாரி மூன்று கேள்வி கேட்பார். இது என்ன? யாருக்குப் போகிறது? எதற்குப் போகிறது? வணிகன் மூன்றுக்கும் பதில் சொன்னால் மூட்டைமேல் அரசனின் சுறா முத்திரை விழும். பொய் சொன்ன கை என்று தெரிந்துவிட்டால், அந்தக் கைக்கு மூன்று ஆண்டு சாவடியில் மதிப்பில்லை என்றும் அதே கல்லில் வெட்டியிருந்தார்கள். அதாவது, மூன்று ஆண்டு வணிகம் இல்லை.

நல்ல வழக்கம்தான். ஆனால் நாள்தோறும் நூறு மூட்டைக்கு மூன்று கேள்வி கேட்டால் எந்த அதிகாரிக்கும் வாய் வலிக்கும். வரவர முதல் கேள்விக்கு மட்டும் ஒழுங்காகப் பதில் வந்தது. இரண்டாவதற்கு ஒரு பெயரை முணுமுணுத்தார்கள். மூன்றாவதற்கு எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "வழக்கம்போல." அதிகாரியும் வழக்கம்போல முத்திரையைக் குத்தினார்.

இந்த ஊரில் அந்துவன் என்று ஓர் இரும்பு வணிகன் இருந்தான். கெட்டிக்காரன். அந்தக் கல்லில் இருந்ததை எல்லாம் தலைகீழாக ஒப்பிப்பான். கெட்டிக்காரனுக்கு உரிய கர்வமும் கொஞ்சம் உண்டு. "என் மூட்டை ஒன்றுகூட இதுவரை சாவடியிலிருந்து திரும்பி வந்ததில்லை" என்று நாளைக்கு மூன்று முறையாவது சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் அவன் கடைக்கு மல்லியான் என்பவன் வந்தான். பாறைத்தீவிலிருந்து வருவதாகச் சொன்னான். பணிவான பேச்சு, நல்ல விலை. இருநூறு கொழு கேட்டான். கொல்லன் அடித்துக் கொடுத்தான், அந்துவன் கை வைத்தான், முத்திரை விழுந்தது, கப்பல் போயிற்று. எல்லாம் ஒரே மாதத்தில் முடிந்த காரியம். அந்துவனுக்குச் சந்தோஷம்.

அடுத்த ஆண்டே மல்லியான் திரும்பி வந்தான். இந்த முறை நானூறு கொழு; முன்பே சொல்லி அனுப்பியிருந்ததால் கொல்லன் அடித்து வைத்திருந்தான்.

அந்துவன் வாய் சும்மா இருக்குமா? விற்கத் தெரிந்த வாய் அது. "கொழு மட்டும் வாங்கினா எப்படிங்க? நுகத்தடி தரட்டுமா? நல்ல வாகை மரம்."

"வேண்டாம்" என்றான் மல்லியான்.

"விதைநெல்லு? மூணு மாசத்துல அறுக்கலாம்."

"வேண்டாம்."

"உழவு மாடு இருபது ஜோடி, பாதி விலைக்குத் தர்றேன். அதுவாச்சும்?"

"அண்ணாச்சி, கொழு மட்டும் போதும். சீக்கிரம் ஏத்தி விடுங்க." மல்லியான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்துவனுக்கு முதலில் வந்தது வருத்தம்தான், வியாபாரம் நழுவிப் போன வருத்தம். மல்லியான் போனபிறகுதான் உறைத்தது. அறுநூறு ஏர் பூட்டுகிற ஊருக்கு ஒரு மாடு வேண்டாமா? ஒரு பிடி விதை வேண்டாமா? அவன் எழுந்து நேரே கொல்லன் சேத்தனிடம் போனான்.

சேத்தன் உலையை நிறுத்தாமலே பேசினான். "நீங்க இப்பதான் கேக்குறீங்க. நான் போன வருசமே யோசிச்சேன். கலப்பையில மாட்டுறதுக்கு வளையம் வெக்கட்டுமான்னு அந்த மல்லியான்கிட்ட கேட்டேன், வேண்டாம்னாரு. பச்சை இரும்பு போதும், மண்ணு கீறத்தானேன்னேன். இல்ல, உருக்குதான் வேணும்னு நின்னாரு. நீளமும் ரெண்டு சாண் கூட. நீங்க கொழுன்னு சொன்னீங்க, நானும் கொழுன்னு அடிச்சேன்."

"உழ முடியுமா இதை வெச்சு?"

"உழ முடியாது அண்ணாச்சி. ஆனா இன்னும் ரெண்டு தடவ காய்ச்சித் தட்டினா நல்ல வாள் ஆகும்."

அந்துவன் அங்கிருந்து துறைக்கு ஓடினான். தீவுகளுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகும் படகுக்காரி ஒருத்தி அங்கே பானை கழுவிக்கொண்டிருந்தாள். பெயர் காரி. "பாறைத்தீவுல என்ன விளையும்?" என்று கேட்டான்.

அவள் சிரித்தாள். "அங்க கால் வெச்சா பாறை, கையி வெச்சா பாறை. ஒரு முருங்கைக் கொம்பு ஊணக் கூட மண்ணு கிடையாது. அதான் தண்ணிக்கே எங்கிட்ட வர்றாங்க. இப்ப கொஞ்ச நாளா அம்பது படகு புதுசா கட்டி நிறுத்தியிருக்காங்க. என்னன்னு கேட்டா யாரும் வாய் திறக்க மாட்டேங்கறாங்க."

இனிக் கேட்க ஒன்றும் இல்லை. இருநூறு வாள் ஏற்கெனவே கடல் தாண்டிவிட்டது. தாண்ட வைத்தது அவன் கை.

இன்னும் பத்து நாளில் ஆழிமுனையின் பதினொரு கப்பல்கள் காற்றைப் பிடித்துக் கிழக்கே கிளம்பும். பாறைத்தீவை ஒட்டித்தான் வழி.

அந்துவனின் கப்பலை ஓட்டும் மீகாமன், நெடுநாள் பழகியவன், அவனுக்கு ஒரு வழி சொன்னான். "எதுக்கு வம்பு? சரக்கு தயாராகலன்னு சொல்லி அவனை அனுப்பி விட்டுருங்க. போன வருசத்த யாரு தோண்டப் போறா?"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அந்துவன் அதை அரை நாள் மனசுக்குள் உருட்டினான். வாயைத் திறக்காவிட்டால் அவன் கை பிழைக்கும். மூன்று தலைமுறையாகச் சாவடியில் மதிப்புள்ள கை அது. திறந்தால் மூன்று ஆண்டு கப்பலைக் கரையில் கட்டிவிட்டு, போகிற வருகிறவர்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவனுக்குப் பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அந்தப் பதினொரு கப்பலிலும் ஏறப் போகிறவர்கள் யார் யார் என்று அவனுக்குத் தெரியும். அவர்களோடு அவன் தினமும் பேசுகிறவன். மல்லியான் அவனை விட்டால் இன்னொரு கடைக்குப் போவான், இன்னொரு கை மூட்டைமேல் ஏறும், அதற்கும் முத்திரை விழும். அந்துவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை அவன் நானூறு கொழுவையும் வண்டியில் ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோனான். மல்லியான் சந்தோஷமாகப் பின்னாலேயே வந்தான். சாவடி நிறைய வணிகர்கள். சுங்க அதிகாரி கீரந்தை முத்திரையை மையில் தோய்த்துக் கையில் வைத்துக்கொண்டே, மூன்று கேள்வியையும் ஒரே மூச்சில் பாடினார்.

அந்துவன் மூட்டைமேல் கை வைத்தான்.

"இது கொழு மாதிரி அடிச்ச உருக்கு. போறது பாறைத்தீவு மல்லியானுக்கு. உழவுக்கு இல்ல அய்யா, வாளுக்குன்னு நினைக்கிறேன். போன வருசம் இருநூறு இதே மாதிரி போச்சு. அன்னைக்கு இதே கைய வெச்சு வழக்கம்போலன்னு சொன்னேன். யாருக்கு, எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. தப்பு என்னுது."

கீரந்தை கையிலிருந்த முத்திரையிலிருந்து மை சொட்டிக்கொண்டிருந்தது.

மல்லியான் பதறவில்லை. அவனும் கெட்டிக்காரன்தான். "அய்யா, விலை கூட்டிக் கேட்டாரு, நான் தரல. அந்தக் கோபத்துல பேசுறாரு. கல்லுல கொழுவுக்கு நாற்பதுல ஒண்ணுன்னு இருக்கு, கட்டிடறேன். எங்க ஊரு முழுக்க உழவுதான். நானே உழுதவன்தான்" என்றான்.

கீரந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கல்லில் கொழு என்று இருந்தது. மூட்டையிலும் கொழு போலத்தான் இருந்தது. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அய்யா, நான் சொன்னதையும் நம்ப வேண்டாம், அவர் சொன்னதையும் நம்ப வேண்டாம்" என்றான் அந்துவன். "வாசல்ல என் வண்டி மாடு நிக்குது. சேத்தன் கடையில ஒரு கலப்பை கிடக்கு. எதிர்ல இருக்கற காலி நிலத்துல அவர் ஒரு சால் ஓட்டட்டும். ஓட்டிட்டா, என்னைப் பொய்யன்னு எழுதிக்கங்க. என் கப்பலையும் எடுத்துக்கங்க."

ஏர் பூட்டினார்கள். மல்லியானுக்கு வேறு வழியில்லை. கலப்பைக்குப் பின்னால் போய் நின்றான், அதன் கைப்பிடியான மேழியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் தள்ளினான். ஆமாம், தள்ளினான்! மாடுகள் இரண்டும் திரும்பி அவனைப் பார்த்தன. இன்னொரு முறை தள்ளினான். கலப்பை சாய்ந்தது, அவனும் சாய்ந்தான்.

பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஒருவன் சிரிப்பை நிறுத்தினான். பிறகு இன்னொருவன் நிறுத்தினான். உழத் தெரியாதவன் அறுநூறு கொழு வாங்கியது எதற்கு என்று ஒவ்வொருவருக்கும் புரிய ஆரம்பித்தது. மல்லியான் எழுந்து துறைப் பக்கம் ஓடினான். காவலர்கள் நாலு எட்டில் பிடித்துவிட்டார்கள்.

கீரந்தை உள்ளே போய் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "அந்துவரே, நீங்களா வந்து சொன்னீங்க. அதுக்கு இந்த ஊர் உங்களுக்குக் கும்பிடு போடணும். ஆனா கல்லுல எழுதினதை நான் அழிக்க முடியாது. மூணு வருசம் உங்க கைக்கு இங்க மதிப்பில்ல."

"சரிங்க அய்யா."

"அந்த இருநூறுக்கு முத்திரை குத்தினது நான். மூணாவது கேள்விக்குப் பதில் வராமலே குத்தினேன். அரசருக்கு என் பெயரையும் எழுதி அனுப்பறேன்." சொன்னபடியே எழுதி அனுப்பினார். அரசன் அவருடைய ஓராண்டுச் சம்பளத்தை நிறுத்தினான். வேலையை நிறுத்தவில்லை. தன் தவற்றைத் தானே எழுதி அனுப்புகிற அதிகாரி சுலபமாகக் கிடைப்பதில்லை என்று அவனுக்குத் தெரியும்.

சில வணிகர்கள் அந்துவனைப் பரிகசித்தார்கள். "தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டான்" என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அவன் கேட்டும் கேளாதது போல நடந்து போனான்.

பத்தாம் நாள் பதினொரு கப்பல்கள் கிளம்பின. விஷயம் தெரிந்துவிட்டதால் ஒவ்வொன்றிலும் அரசனின் வீரர்கள் இருபது பேர் ஏறியிருந்தார்கள். பாறைத்தீவைத் தாண்டும்போது ஐம்பது படகுகள் சூழ்ந்துகொண்டன. வெறும் வணிகர்கள் இருப்பார்கள் என்று வந்தவர்களுக்குச் சரியான வரவேற்பு கிடைத்தது. மூன்று கப்பல் முன்னால் நின்று தடுத்தது, மூன்று கப்பல் பின்னால் வளைத்தது, மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொண்டது. பதினொன்றும் கரை திரும்பின. ஒரு மாலுமிகூடக் குறையவில்லை.

வீரர்கள் பறித்துக்கொண்டு வந்த வாள்களைச் சாவடி முற்றத்தில் கொட்டினார்கள். நூற்றுக்கு மேல் இருந்தது. சேத்தன் ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தான். "என் உலையில காய்ச்சினதுதான்" என்றான். மாலுமிகளின் மனைவிமார் அந்தக் குவியலைப் பார்த்தார்கள். பரிகசித்த வணிகர்களும் பார்த்தார்கள்.

வணிகர்கள் கூட்டமாகக் கீரந்தையிடம் போனார்கள். அந்துவனின் தண்டனையை நீக்கச் சொன்னார்கள். நீக்க வேண்டாம் என்று முதலில் சொன்னது அந்துவன்தான். "எனக்காகக் கல்லை வளைச்சா, நாளைக்கு மல்லியானுக்காகவும் வளையும். மூணு வருசந்தானே, இருந்துட்டுப் போறேன்."

அப்படியானால் மூன்று வருடம் அவன் சும்மா உட்கார்ந்திருந்தானா? அதுதான் இல்லை. அவன் கைக்குத்தான் மதிப்பில்லை, கப்பலுக்கு ஒன்றும் குறைவில்லையே! மற்ற வணிகர்கள் தங்கள் மூட்டைமேல் தங்கள் கையை வைத்து, மூன்று கேள்விக்கும் நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்லி, சரக்கை அவன் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். தனக்கே எதிராக வாய் திறந்தவனின் கப்பல் என்ற பெயர் கடல் முழுக்கப் பரவியிருந்தது. அக்கரைத் துறைமுகங்களில் மற்ற கப்பல்களின் மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டித் துழாவிய சுங்கத்தார், அவன் கப்பல் வந்தால் சரக்கு எழுதிய ஓலையை மட்டும் படித்துவிட்டு, "இறக்குங்கள்" என்றார்கள். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் அவன் இரண்டாவது கப்பலைக் கட்ட வேண்டியதாயிற்று.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: தன் சரக்கு யார் கைக்குப் போகிறது, அங்கே என்னவாகிறது என்று விசாரித்து அறிபவனும், தவறு தெரிந்ததும் தானே முன்வந்து அதைச் சொல்பவனும்தான் கடல் தாண்டி வணிகம் செய்யத் தகுந்தவன்.