மௌனக் குடிலில் ஒரு சண்டை

“பொம்பளை வாயும் பொத்தல் குடமும் ஒண்ணு வே. மூடி வச்சா மட்டும் நிக்குமா? பத்து நாள் தாங்கினா அதிகம்.”

கிணற்றடியில் ஆவுடையப்பன் தளவாயிடம் சொன்னது இது. இருமல் வரும்வரை தளவாய் சிரித்தார். கிணற்றுக்கும் மௌனக் குடிலுக்கும் நடுவில் ஒரு தென்னந்தட்டி மட்டும்தான் இருந்தது. தட்டிக்கு இந்தப் பக்கம், விரதத்தின் முதல் காலையில், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள் உலகம்மாள்.

அவள் மூடிய கண்ணைத் திறக்கவில்லை. பல்லை மட்டும் கடித்துக்கொண்டாள்.

மலையடிவாரத்து மடம் அது. ஒரு மண்டலம் மௌனம் காத்தவர்களுக்குத்தான் அங்கே தீட்சை. பேசக் கூடாது, எழுதக் கூடாது, தலையசைப்பதும் பேச்சில்தான் சேர்த்தி. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். விரதத்தில் இருப்பவரைத் தவிர வேறு யாரும் குடிலுக்குள் கால் வைப்பதில்லை. இதுவரை அந்த விரதத்தில் உட்கார்ந்து எழுந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். ஆவுடையப்பன் இருந்திருக்கிறார். தளவாய் இரண்டு முறை இருந்திருக்கிறார். பெண் என்று கேட்டு வந்தவள் உலகம்மாள்தான் முதல்.

அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் வேலை பார்த்துவிட்டு, புருஷன் போன பிறகு மடத்துக்கு வந்தவள். குரு அவளைவிட வயதில் சிறியவர். பழைய சாமி சமாதியான பின் பொறுப்புக்கு வந்ததால் இளைய சாமி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

விரதம் வேண்டும் என்று அவள் போய் நின்றபோது அவர் கேட்டார்.

“எதுக்கு?”

“உள்ளே ஒரே சத்தமா இருக்கு சாமி.”

அவர் சரி என்றார். ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுத்தார்.

“கால் மரத்துப் போகும், இடுப்பு கடுக்கும். வலி வந்தா விரட்டாதீங்க, பாருங்க. அது எங்கே பிறக்குது, எந்தப் பக்கம் நடக்குது, எப்போ உக்காருதுன்னு பாருங்க.”

உலகம்மாள் பார்த்தாள். முழங்கால் வலியைப் பார்த்தாள். முதுகு வலியைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவை பழகின நாய்போலச் சுருண்டு படுத்துக்கொண்டன. ஆனால் பொத்தல் குடம் படுக்கவில்லை. விடிந்து கண் விழித்தால் சிவன் பெயர் வருவதற்கு முன்னால் ஆவுடையப்பன் பெயர் வந்து நின்றது. பத்து நாள் தாண்டிய அன்று அவள் மனசுக்குள் கேட்டாள்: எங்கே வே உம்ம பேச்சு? அதற்கு அவர் ஒரு பதில் சொல்வதாகவும், அதற்கு இவள் நறுக்கென்று ஒன்று திருப்பிக் கொடுப்பதாகவும் காலைப்பொழுது முழுக்க ஓடியது. வெளியில் அவள் அசையாமல் இருந்தாள். பார்க்க வந்த ஊர்ப் பெண்கள் தூரத்தில் நின்று கும்பிட்டுப் போனார்கள்.

மண்டலம் முடிய நான்கு நாள் இருந்தது. அன்று குடிதண்ணீர் எடுத்துக்கொண்டு சுனையிலிருந்து குடத்தோடு படி ஏறும்போது நடு நெஞ்சில் ஏதோ அழுத்தியது. படியிலேயே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது. எழுந்து நடந்தாள்.

மறுநாள் விடிவதற்கு முன், உட்கார்ந்த இடத்திலேயே அது திரும்பி வந்தது. இந்தத் தடவை விடவில்லை.

குரு சொல்லிக்கொடுத்தபடி அவள் பார்த்தாள். நெஞ்செலும்புக்குப் பின்னால் பிறந்தது. அம்மிக்கல்லை ஏற்றி வைத்ததுபோல் இருந்தது. குத்தவில்லை, அழுத்தியது. மெல்ல இடது தோளுக்கு நடந்து, அங்கிருந்து கழுத்து வழியாக ஏறித் தாடையில் போய் உட்கார்ந்தது. பல்வலியோ என்றுகூட நினைத்தாள். பனி கொட்டும் நேரத்தில் ரவிக்கை தொப்பலாக நனைந்தது. வயிற்றைப் புரட்டியது. விடிந்த பிறகு வாசலில் வைத்த கஞ்சி ஆறி ஏடு படிந்து கிடந்தது. அதை எடுக்க எழுந்தால் விழுந்துவிடுவோம் என்று பயமாக இருந்தது.

வாசலில் நிழல் தட்டியது. ஆவுடையப்பன் எட்டிப் பார்த்தார்.

“கஞ்சி அப்படியே இருக்கு வே. அக்காவுக்கு முகமெல்லாம் வேர்வை.”

பின்னாலிருந்து தளவாய் சொன்னார். “வாயுவாத்தான் இருக்கும். அசையாம உக்காந்தா வாயு ஏறும்லா? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஓமத்தண்ணி வச்சா போயிரும்.”

“வாயு என்ன வாயு. இத்தனை நாள் பேச வேண்டியதெல்லாம் நெஞ்சுல அடைஞ்சு கிடக்கும். இடிக்காம என்ன செய்யும்?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அக்கம்பக்கத்தில் கேலி பேசும் சிரிப்புதான். ஓமத்தண்ணி வந்தது. கஞ்சிக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது.

உலகம்மாளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. வலியினால் இல்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஓடுவார்கள். வண்டி பிடிப்பார்கள். தாங்குவார்கள். எல்லாம் முடிந்த பிறகு கிணற்றடியில் அந்தப் பேச்சு வரும். ‘பாவம், கிட்டத்தட்ட முடிச்சுட்டா. என்ன இருந்தாலும் பொம்பளை.’ அவள் சாகும்வரைக்கும் அந்தப் ‘பாவம்’ என்பதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவளுக்குப் பின்னால் கேட்டு வரப்போகிற பெண்ணிடமும் சொல்வார்கள்.

மாட்டேன் என்று அவள் உள்ளுக்குள் சொன்னாள். செத்தாலும் சரி.

தாடை கடுகடுவென்று இழுத்தது.

முந்தின நாள் ஊருக்குப் போயிருந்த இளைய சாமி வெயில் ஏறும் நேரத்தில் திரும்பி வந்தார். தோளில் பையோடு குடிலைத் தாண்டிப் போனவர் நின்றார். தொடாத கஞ்சியைப் பார்த்தார். ஈ மொய்த்த ஓமத்தண்ணியைப் பார்த்தார். நிமிர்ந்து உள்ளே பார்த்தார்.

“ஆவுடையப்பன்.”

அந்தக் குரலைக் கேட்டுக் கிணற்றில் வாளி விட்டுக்கொண்டிருந்த தளவாய்கூடக் கயிற்றை விட்டுவிட்டார்.

“இவங்க எப்போலேருந்து இப்படி இருக்காங்க?”

“காலையிலேருந்து சாமி. வாயுன்னு ஓமத்தண்ணி வச்சோம்.”

“வாயுன்னு அவங்க சொன்னாங்களா?”

“அவங்க எப்படிச் சொல்வாங்க சாமி, விரதத்துல இருக்காங்க.”

“அப்போ நீங்க ரெண்டு பேரும் அவங்க நெஞ்சுக்குள்ள போய்ப் பார்த்துட்டு வந்தீங்க?”

ஆவுடையப்பன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

“நிறம் வெளுத்து வேர்வையில குளிச்சு ஒரு மனுஷி உக்காந்திருக்கா. அவளுக்கு என்னன்னு நீங்களே கேட்டு, நீங்களே பதில் சொல்லி, நீங்களே வைத்தியமும் பார்த்துட்டுப் போயிருக்கீங்க. நூத்தியெட்டுக்கு அடிங்க. நெஞ்சு வலின்னு சொல்லுங்க. வாயுன்னு சொன்னீங்க, பார்த்துக்கிடுங்க.”

ஆவுடையப்பன் இடுப்பிலிருந்து போனை எடுத்தவர் தயங்கினார்.

“இன்னும் மூணே நாள்தான் சாமி. ஆஸ்பத்திரிக்குப் போனா விரதம்...”

இளைய சாமி பையைத் தரையில் எறிந்தார். உள்ளிருந்த தேங்காய் ஒன்று உருண்டு போய்ப் படியில் மோதி நின்றது. ஆவுடையப்பன் எண்ணை அழுத்தினார்.

பிறகு குரு செருப்பைக் கழற்றிவிட்டுக் குடிலுக்குள் நுழைந்தார். அப்படி யாரும் நுழைந்ததில்லை. அவளுக்கு எதிரில் மண் தரையில் உட்கார்ந்தார்.

“எங்கே வலிக்குது?”

உலகம்மாள் சுவரைப் பார்த்தாள்.

“நெஞ்சிலா? கையிலா? காட்டினாப் போதும்.”

கண்ணும் பேசிவிடும் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமைக்கு உள்ளே அவர்மேலும் கோபம் வந்தது. இவரும் ஒரு ஆம்பளைதான். கொடுத்த விரதத்தை இவரே பிடுங்க வந்திருக்கிறார்.

“வலியைப் பாருங்கன்னு சொன்னேன். பார்த்திருப்பீங்க. என்னைவிட நல்லாவே பார்த்திருப்பீங்க. பார்த்ததை யார்கிட்டேயும் சொல்லாதீங்கன்னு நான் எப்போ சொன்னேன்?”

அவள் அசையவில்லை. மூச்சு மட்டும் சின்னதாக வந்து வந்து போனது.

“விரதத்துல இருக்கிறவங்க பேச மாட்டாங்கன்னு நினைக்கிறீங்களா?”

வெளியில் ஆவுடையப்பன் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். மலையடிவாரம், மடத்துத் தெரு, வேப்பமரம்.

“இந்த மடத்துல எத்தனையோ பேர் மௌனம் இருந்து பார்த்திருக்கேன்,” என்றார் குரு. “உங்களை மாதிரி ஓயாம பேசினவங்களைப் பார்த்ததில்லை. முதல் நாள்லேருந்து கிணத்தடியில நிக்கிற ரெண்டு ஆம்பளைகளோட நீங்க சண்டை போட்டுக்கிட்டே இருக்கீங்க. ராத்திரிகூட ஓயலை. நான் தினமும் இந்த வழியாத்தான் போறேன். உங்க முகத்துல கேட்டுச்சு.”

உலகம்மாள் கண்ணைத் திறந்தாள்.

“அவங்க சொன்னது தப்பு. நான் கேக்கலை, ஆனா என்ன சொல்லியிருப்பாங்கன்னு தெரியும். அவங்களை நான் கேட்டுக்கிடுதேன். ஆனா இந்த வாயை இப்போ மூடி வச்சிருக்கிறது நீங்க இல்லையே அம்மா. அவங்கதான் மூடி வச்சிருக்காங்க.”

அவள் உதடு துடித்தது.

“கோபத்தை விட்டுட்டு வாங்கன்னு சொல்லலை,” என்றார் அவர். “அதையும் எடுத்துக்கிட்டு வாங்க.”

அவளை எழுந்து நடக்கவிடவில்லை. சுவரில் சாய்த்து உட்கார வைத்து, தோளைத் தாங்கிக்கொண்டு அங்கேயே இருந்தார்.

சங்கொலியோடு ஆம்புலன்ஸ் வண்டி வந்தது. இறங்கி வந்த பெண் சீருடையில் இருந்தாள். கையில் பெட்டி. குடில் வாசலில் மண்டியிட்டு உட்கார்ந்து உலகம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“என்னம்மா பண்ணுது?”

“அவங்க பேச மாட்டாங்க, விரதம்,” என்றார் ஆவுடையப்பன் பின்னாலிருந்து. “என்கிட்ட கேளுங்க.”

அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “எப்போ ஆரம்பிச்சுது?”

“காலையில கஞ்சி வச்சப்புறம்தான்.”

“முன்னாடி இப்படி வந்திருக்கா?”

“இல்லம்மா. நல்லாத்தான் இருந்தாங்க. சாமி நெஞ்சு வலின்னு சொல்லுதாரு. எங்களுக்குப் பார்த்தா வாயு மாதிரிதான் தெரியுது. காலையில ஒண்ணும் சாப்பிடலை, அதான்...”

“கை வலி ஏதாவது?”

“கையெல்லாம் ஒண்ணுமில்லை.”

குரு வாயைத் திறக்கவில்லை. அவர் ஆவுடையப்பனையும் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாயுத்தொல்லை முன்னாடியே உண்டா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“உண்டும்மா, உண்டும்மா,” என்றார் தளவாய். “இந்த வயசுல பொம்பளைகளுக்கு...”

உலகம்மாளின் கை எழுந்தது. தளவாய் பக்கம் திரும்பியிருந்த அந்தப் பெண்ணின் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பியது.

“அவுககிட்ட கேக்காத தாயி,” என்றாள். இத்தனை நாள் புழங்காத குரல், பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கரகரத்தது. “வலி என்கிட்ட இருக்கு.”

அந்தப் பெண் அவள் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள்.

“நேத்துக் குடத்தோட படி ஏறுறப்போ வந்துச்சு. உக்காந்ததும் போயிருச்சு. இன்னைக்கு விடியுறதுக்கு முந்தியே வந்துச்சு, இன்னும் போகலை. குத்தலை. கல்லைத் தூக்கி வச்ச மாதிரி அமுக்குது. இங்க. இங்கேருந்து இந்தத் தோளு. தோளுலேருந்து தாடை. பல்லு வலிக்குதுன்னு நினைச்சேன், பல்லு இல்லை. குமட்டுது. வேர்க்குது. கண்ணு இருட்டுது. வாயு இல்லை, தாயி. எனக்கு வாயு தெரியும்.”

அந்தப் பெண் பெட்டியைத் திறந்துகொண்டே டிரைவரைக் கூப்பிட்டாள். ஒரு மாத்திரையை எடுத்து, “மருந்து எதுவும் ஒத்துக்காம போயிருக்காம்மா?” என்று கேட்டாள். உலகம்மாள் இல்லை என்று தலையசைத்தாள். அந்தப் பெண் அதை மென்று விழுங்கச் சொன்னாள். உலகம்மாள் மென்றாள்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. ஆவுடையப்பனும் தளவாயும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். படுக்க வைத்ததும் மூக்கில் குழாய் மாட்ட வந்த கையை அவள் ஒரு நொடி விலக்கினாள். சொல்ல இன்னும் பாக்கி இருந்தது.

“விடியக்காலம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, அப்புறம் கூடிருச்சு. இடது கையில சுண்டு விரல் பக்கம் மரமரன்னு இருக்கு. அதையும் எழுதிக்கோ.”

வண்டிக் கதவைச் சாத்தும்வரை அவள் சொல்லிக்கொண்டே போனாள்.