எவ்வளவு மார்க்?

"நான் காலேஜை விட்டுப் போறேன் மேடம்," என்றாள் கோகிலவாணி.

டாக்டர் மெஹருன்னிசா தன் அறையில் கை கழுவிக்கொண்டிருந்தார். அந்த அரசு ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு அவர் பொறுப்பு. மருத்துவ மாணவர்களுக்கு அங்கேதான் பாடம். அதிகம் பேச மாட்டார், திட்டவும் மாட்டார். அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம்.

"சரி, போ," என்றார்.

கோகிலவாணிக்குச் சுருக்கென்றது. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, தோளில் துணிப்பை தொங்குகிறது, கண் சிவந்திருக்கிறது. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"ஏன்னு கேக்க மாட்டீங்களா மேடம்?"

"அதைச் சொல்லத்தானே வந்திருக்கே."

மேடம் குழாயை மூடவில்லை. விரல் இடுக்கில் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

இந்தப் பெண்ணைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வருஷ மாணவி. சங்கராபுரம் பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவள். நுழைவுத் தேர்வில் மார்க் குறைவு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஏழரை சதவீதம் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் இல்லையா, அதில் சீட் கிடைத்தது.

எவ்வளவு மார்க் என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தப் பெண்ணை இந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

சேர்ந்த அன்றைக்கே ஹாஸ்டலில் கேட்டார்கள். மெஸ்ஸில் கேட்டார்கள். ஊருக்குப் போனால் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் கேட்கிறார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் சாம்பார் ஊற்றுகிறவர் வாளியோடு நின்று கேட்கிறார். உள்ளே வந்த பிறகு இரண்டு பெரிய பரீட்சை எழுதினாள். இரண்டிலும் முதல் தடவையே பாஸ். அதில் எவ்வளவு என்று ஒரு ஜென்மம் கேட்டதில்லை.

வார்டில் அவள் பேரே போய்விட்டது. "ஏழரை" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஏழரை என்றால் நம் ஊரில் எது ஞாபகத்துக்கு வரும் என்று உங்களுக்குத் தெரியும். கூப்பிடுகிறவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் கூப்பிடுகிறார்கள்.

"என் மார்க் கம்மிதான் மேடம். நான் இல்லேங்கல."

"கம்மிதான்."

"மார்க்கா முக்கியம்?" என்று யாராவது ஆறுதல் சொன்னால் கோகிலவாணிக்குப் பற்றிக்கொண்டு வரும். மேடம் அதைச் சொல்லவில்லை. ஆனால் கம்மிதான் என்று ஒத்துக்கொண்டதும் அதைவிட ஆத்திரம் வந்தது.

"ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ, ரெண்டு வருஷமும் எங்களுக்கு பயாலஜிக்கு டீச்சரே கிடையாது. கெமிஸ்ட்ரி சார் வருவார். புக்கைத் திறந்து வாசிப்பார். போயிடுவார்."

"தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மார்க்கைப் பார்த்தாலே தெரியுதே."

கோகிலவாணி ஓரடி முன்னால் வந்தாள்.

"அப்ப அது யாரோட மார்க் மேடம்? என்னோடதா, இல்ல எங்க ஸ்கூலோடதா?"

"உன் பேர்லதானே எழுதியிருக்காங்க."

"அதான் கேக்கறேன். ஏன் என் பேர்ல எழுதணும்?"

மேடம் குழாயை மூடினார். ஆணியில் தொங்கிய துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"உன்னை யாரு முதல்ல ஏழரைன்னு கூப்பிட்டது?"

"அஸ்வத் சார்."

அஸ்வத் டாக்டராகி, மேற்படிப்புக்கு வந்தவன். வார்டில் மாணவர்களை மேய்க்கிற வேலை அவனுடையது.

"முதல்ல பேர் வெச்சார். நானும் பொறுத்துக்கிட்டேன். போன வாரம் எல்லாரும் நிக்கிறப்ப, 'நீ உக்காந்திருக்கிற சீட் என் தங்கச்சிக்கு வந்திருக்க வேண்டியது'ன்னு சொல்றார்."

"அவன் தங்கச்சிக்கு என்ன?"

"என்னைவிட எவ்வளவோ ஜாஸ்தி மார்க். சீட் கிடைக்கல. திரும்பத் திரும்ப எழுதிட்டிருக்காம். ரூமை விட்டு வெளியவே வர்றதில்லையாம்."

"பாவம்தான்."

"பாவம்தான் மேடம். நான் மட்டும் என்ன கல்லா? ஆனா அந்தப் பொண்ணுக்கு வீட்டுக்கே ஆள் வந்து சொல்லிக்கொடுத்தாங்க. எங்க ஸ்கூல் லேப்ல தொங்குற பூட்டைத் திறந்தே நான் பார்த்ததில்ல. தவளையைக் குளத்தில பார்த்ததோட சரி. நான் யார் சீட்டையும் பிடுங்கல."

"பிடுங்கலதான்."

"அப்புறம் ஏன் நீங்க அவரை ஒரு வார்த்தை கேக்கல? அன்னிக்கு நீங்க அங்கதானே நின்னீங்க?"

சொல்லிவிட்டுக் கோகிலவாணி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மெஹருன்னிசா மேடத்திடம் இப்படி யாரும் பேசியதில்லை.

மேடம் துண்டை மடித்தார்.

"கேட்டிருக்கணும். கேக்காதது என் தப்பு. நாளைக்கு அதே இடத்தில நிறுத்தி வெச்சுக் கேக்கறேன்."

கோகிலவாணி இதை எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு சுலபமாகத் தப்பை ஒத்துக்கொண்டால் ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆனாலும் அவள் கிளம்பவில்லை.

"இன்னும் ஏதோ இருக்கு. அதையும் சொல்லு," என்றார் மேடம்.

"இன்னிக்குக் காலையில நடந்தது மேடம். அதைத்தான் என்னால தாங்க முடியல."

"சொல்லு."

"பதினாலாம் பெட். மண்ணீரல் வீங்கியிருக்குன்னு நேத்து சாயங்காலமே நான் கண்டுபிடிச்சேன். யாரும் பார்க்கல, நான்தான் முதல்ல பார்த்தேன். ஓடிப்போய் அஸ்வத் சார்கிட்ட சொன்னேன். 'ஏழரைக்கு அதெல்லாம் எட்டாதும்மா'ன்னு சிரிச்சார். இன்னிக்கு ரவுண்ட்ஸ்ல நீங்க வந்ததும் அவரே கண்டுபிடிச்ச மாதிரி சொல்றார். நீங்களும் 'குட்'டுன்னீங்க."

"சொன்னேன்."

"அது என்னோட ஸ்ப்ளீன் மேடம்."

அதுவரைக்கும் மேடம் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. இப்போது பார்த்தார்.

"உன்னோடதா?"

"என்னோட கேஸ் மேடம். நான் கண்டுபிடிச்சது."

"எவ்வளவு பெருசு?"

கோகிலவாணி நிமிர்ந்தாள். இது தெரிந்த கேள்வி.

"விலா எலும்புக்குக் கீழ நாலு விரல் மேடம். ரொம்ப நல்ல ஸ்ப்ளீன். கையை வெச்சவுடனே தட்டுப்படும். யாரு முதல்ல பார்த்ததுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்னுதான், ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் எங்க பேட்ச் பூராவையும் நானே கூட்டிட்டுப் போய்க் காட்டினேன்."

"எல்லாரும் கை வெச்சுப் பார்த்தாங்களா?"

"எல்லாரும் பார்த்தாங்க மேடம். கேள்விப்பட்டுப் பக்கத்து வார்டு பசங்ககூட வந்தாங்க. சிலருக்கு முதல்ல கிடைக்கல. ரெண்டு மூணு தடவை அமுக்க வெச்சுக் காட்டிக் கொடுத்தேன்."

"நல்ல ஸ்ப்ளீன்," என்று மேடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஸ்ப்ளீன் என்றால் மண்ணீரல். அதில் நல்லது என்ன என்று ஆஸ்பத்திரிக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளங்காது. கைக்கு நன்றாகத் தட்டுப்பட்டால் அது நல்ல வீக்கம். ஸ்டெதாஸ்கோப்பில் தெளிவாகக் கேட்டால் நல்ல இரைச்சல். "ஒன்பதுல நல்ல லிவர் இருக்கு, போய்ப் பாரு" என்பார்கள். டீக்கடையில் நல்ல வடை இருக்கிறது என்று சொல்கிற மாதிரிதான். யாருக்கு நல்லது என்று கேட்கிற பழக்கம் அங்கே கிடையாது.

"அந்த ஆள் பேரு என்ன?" என்றார் மேடம்.

கோகிலவாணி மனசுக்குள் தேடினாள்.

நாடித் துடிப்பு எவ்வளவு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். காய்ச்சல் எத்தனை டிகிரி, கண்ணில் மஞ்சள் உண்டா, நாக்கு வெளுத்திருக்கிறதா, எல்லாம் மனப்பாடமாகத் தெரியும்.

"தெரியல மேடம்."

மேடம் வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பஸ்ஸுக்கு நேரம் இருக்கா?"

"இருக்கு."

"பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழியிலதான் வார்டு. கேட்டுட்டு வந்து சொல்லிட்டுப் போ."

"உங்களுக்கும் தெரியாதா மேடம்?"

"தெரியாது," என்றார் மேடம்.

கோகிலவாணி வெளியே வந்தாள். உடம்பெல்லாம் எரிந்தது. அடிபட்டவள் நான். நியாயம் கேட்டு வந்தவள் நான். எனக்கே வேலை வைக்கிறாரே இந்தம்மா என்று வராந்தா முழுக்கத் திட்டிக்கொண்டே நடந்தாள். ஒரு பேர்தானே, கேட்டுத் தொலைத்துவிட்டுப் போய்விடலாம். இனி இந்தப் படி ஏற வேண்டாம், இந்தப் பினாயில் வாசனை வேண்டாம், யாருக்கும் மார்க் சொல்ல வேண்டாம்.

வார்டில் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. தட்டுக் கழுவிய தண்ணீர் தரையில் கிடந்தது. பதினாலாம் பெட் ஜன்னலோரம். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும் ஒருவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

காலடிச் சத்தம் கேட்டுக் கண் திறந்தார். வெள்ளைக் கோட்டைப் பார்த்தார்.

உடனே சட்டையை நெஞ்சு வரைக்கும் தூக்கிவிட்டுக்கொண்டார். இரண்டு காலையும் மடக்கி முட்டியை உயர்த்தினார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, வாயைத் திறந்து, மூச்சை இழுத்து இழுத்து விட ஆரம்பித்தார். வயிற்றை அமுக்கிப் பார்ப்பதற்கு முன்னால் டாக்டர்கள் இதையெல்லாம் செய்யச் சொல்வார்கள். கோகிலவாணி ஒன்றும் சொல்லவில்லை. அவராகவே செய்தார்.

வயிற்றின் இடது பக்கம் கன்றிச் சிவந்திருந்தது.

"ஐயா, சட்டையை இறக்குங்க. நான் வயித்தைப் பார்க்க வரல."

"பரவால்ல தாயி, பாத்துக்க. காலையிலேருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்காங்க."

அவள் குனிந்து சட்டையைத் தானே இழுத்துவிட்டாள்.

"உங்க பேரு என்னய்யா?"

"பதினாலும்மா," என்றார் அவர்.

கோகிலவாணிக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. இந்த மூன்று வருஷத்தில் அவளுக்கு எத்தனையோ தடவை ஆத்திரம் வந்திருக்கிறது. இப்படி வந்ததில்லை. யார் மேல் என்றும் தெரிந்தது.

"அது பெட் நம்பர்யா. உங்க பேரைக் கேக்கறேன்."

அவர் முகம் மாறிவிட்டது. கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை.

"பேரெல்லாம் எதுக்கும்மா கேக்குறீங்க? வீட்டுக்கு அனுப்பப் போறீங்களா? நான் ஒண்ணும் தகராறு பண்ணலியே. அத்தன பேரு வந்தாங்க, பேசாமத்தான கெடந்தேன். வலிக்குதுன்னுகூட வாயத் தொறக்கலியேம்மா."

கோகிலவாணி தோளில் இருந்த பையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பக்கத்துக் கட்டிலருகே கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"யாரும் உங்களை அனுப்ப மாட்டாங்க. என் பேரு கோகிலவாணி. உங்க பேரு சொல்லுங்க."

அவர் அவளையே பார்த்தார்.

"மாசிலாமணி."

"எங்க வலிக்குது, மாசிலாமணி ஐயா?"

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். வேறு யாரும் வரவில்லை.

காலையிலிருந்து எல்லோரும் அமுக்கிய வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பிப் படுத்தார். இன்னொரு கையால் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார்.