நரியின் அரபுப் பள்ளி

மழை பொய்த்துப்போன ஒரு காட்டில், குழந்தைகளே, குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. மணல்வெளிக்கு அப்பால் பேரீச்சந்தோப்பு ஒன்று இருந்தது. அங்கே தண்ணீர் உண்டு. ஆனால் காவல் நிற்கும் ஒட்டகங்களுக்கு அரபு மட்டுமே தெரியும். அரபில் கேட்டால்தான் வழி காட்டும்.

தோப்பில் சில காலம் வாழ்ந்த நரி உடனே பள்ளி திறந்தது.

"ஒரு சொல்லுக்கு ஒரு வேளை உணவு!" என்றது.

அணில் தன் குட்டிகளுக்காகச் சேர்த்த இலந்தைப் பழங்களைக் கொடுத்தது.

"கதப என்றால் எழுதினான். மக்தப் என்றால் எழுதும் இடம்" என்றது நரி.

"இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கின்றனவே, ஐயா?"

"அதெல்லாம் தற்செயல். ஒவ்வொன்றும் தனித்தனிச் சொல். மனப்பாடம் செய்!"

பிறகு தகல, நுழைந்தான். மத்கல், நுழையும் இடம். பிறகு ஷரிப, குடித்தான். அதோடு பழங்கள் தீர்ந்துபோயின. பசியில் குட்டிகள் வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்துவிட்டன.

"ஐயா, தண்ணீர் குடிக்கும் இடத்துக்கு என்ன சொல்? அதை மட்டும் சொல்லுங்கள். நாங்கள் போய்விடுகிறோம்" என்று அணில் கெஞ்சியது.

"அது அரிய சொல். இரண்டு வேளை உணவு கொண்டு வா."

பின்வரிசையில் இருந்த முள்ளம்பன்றிக்கு அநியாயத்தைக் கண்டால் பொறுக்காது. அதன் முட்கள் சடசடவென்று நிமிர்ந்தன.

"கதப, மக்தப். தகல, மத்கல். அப்படியென்றால் ஷரிப... மஷ்ரப்!"

நரி துள்ளி எழுந்தது. "யார் உனக்கு அதைச் சொன்னது?"



"நீதான் சொன்னாய், இப்போது துள்ளி எழுந்து!" என்று முள்ளம்பன்றி சீறியது. "ஒரு வேரிலிருந்து இத்தனை சொற்கள் கிளைக்கும் என்று உனக்குத் தெரியும். தெரிந்தே மறைத்தாய்! இந்தக் குட்டிகளின் வயிற்றிலிருந்து பிடுங்கித் தின்றாயே, உனக்கு வெட்கமாக இல்லையா?"

"நானும் பிழைக்க வேண்டாமா?" என்று நரி முனகியது.

"சொல்லித் தந்து கூலி வாங்கு. யார் வேண்டாம் என்றது? ஏமாற்றி வாங்காதே!"

அன்றே எல்லோரும் புறப்பட்டார்கள். மணலில் நடந்து தோப்பை அடைந்தபோது, காவல் ஒட்டகம் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"மஷ்ரப்?" என்றது அணில்.

ஒட்டகம் தலையசைத்துவிட்டு முன்னே நடந்தது. சுனையைக் கண்டதும் குட்டிகள் முகத்தையே உள்ளே விட்டுக் குடித்தன.

சில நாள் கழித்து நரியும் நாக்குத் தொங்க வந்து சேர்ந்தது. முள்ளம்பன்றி விலகி வழிவிட்டது.

"குடி. தண்ணீரை யாருக்கும் மறுக்க மாட்டோம். ஆனால் பாடம் சொல்கிறேன் என்று இனி எங்கள் முன்னால் வந்து நிற்காதே."

நீதி: வேரை மறைத்துவிட்டுச் சொல்லை மட்டும் விற்கிறவர் ஆசிரியர் அல்லர்.