உலகம் அழிஞ்ச பிறகு என்ன அவசரம்?

செம்மணல் மேடுகளான தேரிக்காட்டு ஓரத்தில் பாதிக்கிணறு என்று ஓர் ஊர். ஊர் உண்டான காலத்தில் அங்கே கிணறு வெட்டினார்கள். பாதி வெட்டியதும் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "போதும்ப்பா, இதுக்கு மேல வெட்டினா விழுந்தவன் செத்துப்போவான்" என்றார். எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. அன்று முதல் அந்தக் கிணற்றில் விழுந்து யாரும் செத்ததில்லை. அதிலிருந்து யாரும் தண்ணீர் இறைத்ததும் இல்லை.

இந்த ஊர் ஆவுடையப்பனிடம் ஒரு குட்டியானை இருந்தது. தும்பிக்கை வைத்த யானை அல்ல. வாழைத்தார் ஏற்றிச் சந்தைக்குப் போகிற நாலு சக்கரச் சின்ன வண்டி. நீல நிறம். நெற்றியில் 'முப்பிடாதி துணை' என்று எழுதியிருக்கும். தினமும் காலையில் அதன் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் ஆவுடையப்பன் தன் முகத்தைக் கழுவுவார். காணி நிலம் கிடையாது, தோப்பு கிடையாது. வண்டி உருண்டால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

போன வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பக்கத்து ஊர் மேலக்கரைக்காரர்கள் திரை கட்டி ஒரு படம் போட்டார்கள். அந்தப் படத்தில் உலகம் அழிந்துவிட்டது. மிச்சமிருந்த நாலு பேர் மணல்காட்டில் வண்டிகளில் ஏறி ஒருவரை ஒருவர் விரட்டினார்கள். பாதிக்கிணற்றுக்காரர்கள் நடந்து போய்ப் பார்த்துவிட்டு, வாயை மூட மறந்து திரும்பி வந்தார்கள்.

கொடைக் கமிட்டித் தலைவர் மாசானமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை. "அவனுவ படம்தான போட்டானுவ? நாம படம் எடுத்தே போடுவோம்" என்றார்.

டவுனில் கல்யாண வீடியோ எடுக்கும் ஜெபஸ்டினைக் கூட்டி வந்தார்கள். ஜெபஸ்டினுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. வாழ்நாளெல்லாம் மாலை மாற்றுவதையும் பந்தியில் அப்பளம் நொறுக்குவதையும் எடுத்துக் களைத்தவர். காமிராவைப் பார்த்து யாருமே சிரிக்காத ஒரு படத்தைச் சாவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. தேரியைப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய மட்டும் செம்மணல். கண் கலங்கிவிட்டது. "உலகத்தை அழிக்கிற செலவு மிச்சம்" என்றார்.

கொடைப் பந்தலில் சபை கூடியது.

"உலகம் அழிஞ்சு போச்சு. கதை அங்கதான் ஆரம்பிக்கு" என்றார் ஜெபஸ்டின்.

மாசானமுத்து தொண்டையைச் செருமினார். "மேலக்கரையுமா?"

"எல்லாமே அழிஞ்சாச்சு அண்ணாச்சி."

"அப்ப மேலக்கரை மொதல்ல அழிஞ்சதுன்னு போட்டிரும். நாம கடைசியா அழிஞ்சாப் போதும்."

"எல்லாரும் அழிஞ்சிட்டா படத்தை யாருவே பாக்கது?" என்று கேட்டார் டீக்கடை பூதத்தான். ஊரிலேயே பெரிய உடம்பு அவருக்குத்தான். கொசுவைக் கூட ஊதித்தான் அனுப்புவார்.

இந்தக் கேள்வியில் சபை வெகுநேரம் மாட்டிக்கொண்டது. கடைசியில், உலகம் அழிவதற்கு முன்பே படத்தைப் போட்டுவிடுவது, தள்ளிப்போடக் கூடாது என்று முடிவானது.

ஜெபஸ்டின் பெருமூச்சு விட்டுத் தொடர்ந்தார். "அழிஞ்ச உலகத்துல ஒண்ணுமே கிடைக்காது. தண்ணி இல்ல, பெட்ரோல் இல்ல. ஹீரோவை விட வில்லன் பலசாலியா இருக்கணும். அவன் விரட்ட, இவன் ஓட, பாக்கிறவனுக்கு நெஞ்சு அடிச்சுக்கிடணும். இதெல்லாத்தையும் விட முக்கியம், ஹீரோகிட்ட இழக்கதுக்குன்னு ஒண்ணு இருக்கணும். அது போயிருமோ போயிருமோன்னு ஊரே பதறணும். அதுதான் படத்துக்கு உசுரு."

பூதத்தானை வில்லன் என்று உடனே தீர்மானித்தார்கள். இழப்பதற்கு ஏதாவது வைத்திருக்கிற ஆளை ஊருக்குள் தேடினார்கள். எல்லாருடைய கண்ணும் ஆவுடையப்பன் மேல் போய் நின்றது. அவரிடம்தான் வண்டி இருந்தது.

ஹீரோவாகிவிட்டோம் என்ற சந்தோஷம் ஆவுடையப்பனுக்கு ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரம் கூட நிலைக்கவில்லை. "இழக்கணும்னா... வண்டியையா?" என்றார்.

ஜெபஸ்டின் அவரைத் தனியே கூட்டிப் போனார். "அண்ணாச்சி, உம்ம வண்டியில ஒரு கீறல் விழாது. நான் பொறுப்பு" என்றார். ஆவுடையப்பன் நம்பினார். ஆனாலும் மறுநாள் காலையில் வண்டியின் முகத்தை இரண்டு தடவை துடைத்தார்.

படப்பிடிப்புக்குத் தேரியில் எல்லாரும் கூடினார்கள். வில்லனுக்கு ஒரு டிராக்டர் வந்திருந்தது. "ஸ்டார்ட்!" என்றார் ஜெபஸ்டின். இரண்டு வண்டியும் அசையவில்லை.

"என்னாச்சு?"

"பெட்ரோல் இல்லேன்னு நீருதான சொன்னீரு? ராத்திரியே இறக்கி வச்சாச்சு. டிராக்டர்ல டீசலும் இல்ல" என்றார் ஆவுடையப்பன்.

"அய்யோ, அப்ப வண்டி எப்படி ஓடும்?"

"தள்ளணும்."

பின்னாலிருந்து நாலு பேர் குட்டியானையைத் தள்ளினார்கள். டிராக்டரைப் பூதத்தான் தானே இறங்கித் தள்ளினார். செம்மணலில் சக்கரம் புதைந்தது. ஓர் எறும்புச் சாரை இரண்டு வண்டிகளையும் முந்திக்கொண்டு போனது.

"வேகமா! இன்னும் வேகமா!" என்று கத்தினார் ஜெபஸ்டின்.

தள்ளிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நின்று, தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். "உலகமே அழிஞ்சு போச்சு. இனிமே என்னவே அவசரம்?"

ஜெபஸ்டின் பெட்ரோல் வாங்க ஆள் அனுப்பினார்.

பெட்ரோலும் டீசலும் ஊற்றித் திரும்ப ஆரம்பித்தார்கள். பூதத்தானுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாது. அதனால் இறங்கிக் காலாலேயே ஓடினார். பலசாலி என்றால் பலசாலிதான். முதல் மேட்டிலேயே குட்டியானையைப் பிடித்து நிறுத்தி, கதவைத் திறந்து, ஆவுடையப்பனைத் தூக்கிக் காமிராவுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"பிடிச்சாச்சு. அடுத்து என்ன செய்யணும்?"

ஜெபஸ்டின் தலையில் கைவைத்து மணலில் உட்கார்ந்துவிட்டார். "வே, நீரு பிடிச்சிட்டா படம் முடிஞ்சிரும். பிடிக்கவே கூடாது. விரட்டிக்கிட்டே இருக்கணும்."

"எது வரைக்கும்?"

"நிறுத்தவே கூடாது!"

பூதத்தான் தலையாட்டினார். அன்று வேலை முடிந்து எல்லாரும் கலைந்தார்கள். ஆவுடையப்பன் வண்டியில் வீட்டுக்குப் போனார். பின்னாலேயே பூதத்தான் விரட்டிக்கொண்டு வந்தார். ஆவுடையப்பன் குளித்தார், பூதத்தான் தொட்டியைச் சுற்றி ஓடினார். ஆவுடையப்பன் சாப்பிட்டார், பூதத்தான் வீட்டைச் சுற்றி ஓடினார்.

ஆவுடையப்பன் மனைவி சுடலைவடிவுக்குப் பாவமாக இருந்தது. "அண்ணாச்சி, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு விரட்டுங்களேன்" என்றாள்.

"ஊத்தி வை தாயி. அடுத்த சுத்துக்கு வரும்போது குடிக்கேன்" என்று சொல்லிக்கொண்டே பூதத்தான் வீட்டுக்குப் பின்னால் மறைந்தார்.

மறுநாள் ஜெபஸ்டின் வந்து "கட்" என்று சொன்ன பிறகுதான் பூதத்தான் நின்றார். அது வரை டீக்கடை திறக்காததால், உலகம் உண்மையிலேயே அழிந்துவிட்டதோ என்று ஊரில் சிலருக்குச் சந்தேகம் வந்திருந்தது.

எப்படியோ படம் கடைசிக் காட்சிக்கு வந்தது. "அதை நான் வீட்டுல வச்சு எடுத்துக்கிடுதேன். உம்ம வண்டி வேண்டாம்" என்றார் ஜெபஸ்டின். ஆவுடையப்பனுக்கு உயிர் வந்தது.

ஜெபஸ்டின் டவுனில் ஒரு பொம்மை வண்டி வாங்கினார். கைக்கு அடக்கமான வண்டி. நீலச் சாயம் பூசி, நெற்றியில் 'முப்பிடாதி துணை' எழுதி, மொட்டை மாடியில் மணல் பரப்பி அதில் நிறுத்திக் கொளுத்தினார். காமிராவைத் தரையோடு தரையாக வைத்து எடுத்ததில், மெய்யான வண்டி எரிவது போலவே இருந்தது. ரகசியம் வெளியே தெரிந்தால் பதற்றம் போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. கல்யாண வீடியோவிலேயே ஊறிய கை என்பதால், தீப்பிழம்பைச் சுற்றி ரோஜாப்பூ வளையம் ஒன்று தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. அதை மட்டும் எடுக்கத் தெரியவில்லை.

கொடைக்கு முதல் நாள் மாசானமுத்து கேட்டார். "படம் நல்லா வந்திருக்கான்னு எப்படிவே கண்டுபிடிக்கது?"

"பாக்கிறவன் நாற்காலி நுனிக்கு வந்திரணும். வாழ்நாளுக்கும் மறக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஜெபஸ்டின் திரை கட்டப் போனார்.

இந்த இரண்டையும் மாசானமுத்து தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஒரு ரம்பத்தைக் கொண்டுவந்து, பந்தலில் இருந்த நாற்காலிகளின் பின்பாதியை எல்லாம் அறுத்துத் தள்ளினார். மிஞ்சியது முன்னங்கால் இரண்டும் நுனியும்தான். "இனிமே எவன் உக்காந்தாலும் நுனிதான்" என்றார். மறக்காமல் இருக்க ஊரில் ஒரே ஒரு வழிதான் உண்டு: துணியில் முடிச்சுப் போடுவது. பந்தல் வாசலில் கமிட்டியார் நின்று, வந்தவர்களின் வேட்டியிலும் முந்தானையிலும் முடிச்சுப் போட்டு உள்ளே விட்டார்கள். கூட்டம் நெருக்கியதும், பக்கத்துப் பக்கத்து ஆட்களைச் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டுத் தள்ளினார்கள்.

பொழுது சாய்ந்ததும் படம் ஓடியது. குப்புற விழாமல் இருக்கக் காலை ஊன்றிக்கொண்டு எல்லாரும் மூச்சைப் பிடித்துப் பார்த்தார்கள். மேலக்கரையிலிருந்து வந்தவர்கள் கூடத் தொடை நடுங்கத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசிக் காட்சி வந்தது. திரை நிறையக் குட்டியானை. நெற்றியில் 'முப்பிடாதி துணை'. அதன் மேல் தீ.

"அய்யோ என் வண்டி!"

ஆவுடையப்பன் துள்ளி எழுந்தார். அவரோடு முடிச்சுப் போட்டிருந்த மாசானமுத்துவும் எழுந்தார். அவரோடு இருந்தவர், அவருக்கடுத்தவர் என்று வரிசை முழுக்கச் சரிந்தது. விழுந்த இடத்தில் கிடந்தபடியே எல்லாரும் தலையைத் தூக்கி, வண்டி எரிந்து முடிகிற வரை பார்த்தார்கள். பிறகு பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள்.

திரைக்குப் பக்கத்தில் நின்ற ஜெபஸ்டினுக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் எடுத்ததைப் பார்த்து இதுவரை பெண் வீட்டார் தவிர யாரும் அழுததில்லை.

ஆனால் ஆவுடையப்பன் மணலில் புரண்டு அழுததைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பையிலிருந்து கருகிய பொம்மையை எடுத்துக் கொடுத்தார். "அண்ணாச்சி, இதைத்தான் எரிச்சேன். இங்க பாரும்."

ஆவுடையப்பன் அதைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எம்புட்டுப் பெரிய வண்டி! எரிஞ்சு இத்தனூண்டு ஆயிட்டே!"

"மனுசனே எரிஞ்சா ஒரு சட்டிக்குள்ள அடங்கிருதான்" என்று பூதத்தான் அவர் முதுகைத் தடவினார்.

"அது பொம்மைவே!" என்று கத்தினார் ஜெபஸ்டின்.

"நல்ல மனுசன். ஆறுதலுக்குச் சொல்லுதாரு" என்றார் மாசானமுத்து.

காலையில் ஆவுடையப்பன் எழுந்து பழக்கத்தில் துணியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வீட்டு முன்னால் நீல வண்டி ஒன்று நின்றது. சுடலைவடிவைக் கூப்பிட்டார். அவளும் பார்த்தாள்.

"யாரு வண்டி இது? நம்ம வாசல்ல கொண்டாந்து நிறுத்தியிருக்கான்" என்றார்.

"நம்மளது மாதிரியே இருக்கு, பாவம்" என்றாள் அவள். "நம்ம சாவி மட்டும் தீயில போகாம இடுப்புல மிஞ்சிச்சே. அதைப் போட்டுப் பாருங்களேன்."

போட்டுப் பார்த்தார். வண்டி உறுமியது. சட்டென்று அணைத்துவிட்டு இறங்கினார். "அந்த ஆளும் இதே பூட்டுத்தான் வாங்கியிருக்கான். ஊரான் பொருள்டி. தொடக் கூடாது."

சேதி கேட்டு ஊர் கூடியது. கண்ணால் பார்த்தது பொய்யா, கண்முன்னே நிற்பது பொய்யா என்று கேட்டால் படித்தவர்களே தடுமாறிப்போவார்கள். பாதிக்கிணறு தடுமாறவில்லை. ஆவுடையப்பன் வண்டி எரிந்ததை ஊரே பார்த்திருக்கிறது. எரியவில்லை என்று சொல்லுகிறவர் ஜெபஸ்டின் ஒருவர்தான், அவரும் வெளியூர்.

எரிந்த வண்டியைச் சட்டியில் போட்டு, மஞ்சள் துணியால் வாய் கட்டி, கடலில் கரைக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். கடலுக்கு வெகுதூரம். எப்படிப் போவது?

"இந்த வண்டி சும்மாதான நிக்கு?" என்றார் பூதத்தான்.

"கேக்காம எடுக்கலாமா?" என்றார் ஆவுடையப்பன்.

மாசானமுத்து யோசித்து வழி சொன்னார். "மைக்கைக் கட்டுவோம். வழியெல்லாம் சொல்லிக்கிட்டே போவோம். உடையவன் வந்து கேட்டா, அந்த இடத்துலயே இறங்கிக் கொடுத்திருவோம்."

அப்படியே புறப்பட்டார்கள். ஆவுடையப்பன் ஓட்டினார். பின்னால் ஊர்ச் சனம். முன்னால் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுடலைவடிவு. ஊருக்கு ஊர் மாசானமுத்துவின் குரல் கேட்டது: "நீலக் கலர் வண்டியைத் தொலைத்தவர்கள் யாராவது இருந்தால் வந்து பெற்றுக்கொள்ளவும்!" ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் ஆவுடையப்பன் வண்டியை மெதுவாக்கி இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். பொருளைத் தொலைத்தவன் வேதனை அவருக்குத் தெரியாதா?

கடற்கரைச் சாலையில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். மைக்கைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார்.

"யாரு வண்டிவே இது?"

"தெரியலை ஐயா. உடையவனைத்தான் தேடிக்கிட்டு வாரோம்" என்றார் ஆவுடையப்பன்.

"அப்ப நீ யாரு?"

ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனைவி மடியில் இருந்த சட்டியைக் காட்டினார்.

"என் வண்டி எரிஞ்சு போச்சு ஐயா. சும்மாதான இருக்கோம்னு, இதை ஓட்டிக்கிட்டு வாரேன்."