அம்பில்லாத வில்

விளக்கேற்றிச் சற்று நேரத்துக்கெல்லாம் அந்தச் சத்தம் கேட்டது. டொய்ங். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டொய்ங்.

யசுகோ குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். சத்தம் கதவுக்கு அந்தப் பக்கம், வெகு அருகில். கதவுக்கோ தாழ் போடவில்லை.

அந்தக் காலத்துக் கியோத்தோ நகரத்துப் பிரபுக் குடும்பங்களில் கணவன் இருட்டிய பிறகு மனைவி வீட்டுக்கு வருவான், விடிவதற்குள் போய்விடுவான். அவன் வரும் வழியை அடைக்கலாமா என்று யசுகோ தாழ்ப்பாளைத் தொடுவதே இல்லை. பிள்ளை பிறந்தபின் அவன் ஒரு நாளும் வரவில்லை. வந்ததெல்லாம் பயம்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

தாழ்வாரத்தில் அவளுடைய குரு, துறவி மியோரென், கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள். கையில் ஆளைவிட உயரமான வில். அம்பு இல்லை. வெறும் நாணைச் சுண்டிக்கொண்டிருந்தாள். யசுகோவைவிட இரண்டு வயது இளையவள்தான். தலையை மழித்துத் துறவியானதால் எல்லோருக்கும் தாய்.

"தாயே! உயிரே போய்விட்டது. என்ன கூத்து இது?"

"பிள்ளை பிறந்த வீட்டில் கெட்ட ஆவி அண்டாமலிருக்கக் காவலர்கள் நாண் சுண்டுவார்களே, அதுதான். பயம் போக வழி சொல்லுங்கள் என்று காலையில் அழுதாயே. இரவல் வில். என்னமாய்க் கனக்கிறது!"

"ஏதாவது ஓடியதா?"

"ஒரு பூனை ஓடியது. அதுவும் திரும்பி வந்து உட்கார்ந்து கேட்கிறது."

யசுகோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் குருவின் விரல்களைப் பார்த்தாள். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"ஐயோ, போதும், நிறுத்துங்கள்."

"கதவு திறந்து கிடக்கிறதே. யாராவது காவல் இருக்க வேண்டாமா?"

"தாழ் போட்டு, அவர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டால்?"

மியோரென் வில்லைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். பிள்ளை அவளுடைய மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்தான்.

"பால் வேண்டுமென்றால் இவன் என்ன செய்கிறான்?"

"ஏன் கேட்கிறீர்கள்! தெருவையே கூட்டுகிறான்."

"அம்மா தூங்குகிறாளே என்று பேசாமல் போய்விடுவதில்லையே?"

யசுகோ தோட்டத்துப் பாதையை ஒருமுறை பார்த்தாள். பிறகு வில்லை எடுத்தாள். குருவின் அங்கியைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

தாழ்ப்பாளில் கை வைத்தவள் அப்படியே நின்றாள்.

"ஒருவேளை இன்றைக்கே வந்துவிட்டால்?"

"தட்டட்டும். நானே எழுந்து திறக்கிறேன்."

எத்தனையோ நாளாகத் தொடாத தாழ்ப்பாள் இறுகிப்போயிருந்தது. யசுகோ தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அது போய் உட்கார்ந்தது.