பொறுக்காமல் விட்ட இடம்

கப்பு ஜெயித்தவனுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். தோற்றவன்தான் புரண்டு புரண்டு படுப்பான், அது உலக வழக்கம். ஆனால் பெண்கள் கல்லூரி ஹாக்கிக் கோப்பையை வாங்கிக்கொண்டு வந்த சவரிமுத்து சாருக்குத்தான் கண் மூடவில்லை. ஃபைனல் முடிந்ததிலிருந்து சோறும் இறங்கவில்லை. "ஜெயிச்ச மூஞ்சியா இது? எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

அன்று சாயங்காலம் கல்லூரியில் பாராட்டு விழா. பந்தல் போட்டாயிற்று, மைக் செட்டும் வந்தாயிற்று. சவரிமுத்து சார் காலையிலேயே கப்பை ஒரு மஞ்சள் பையில் போட்டு, ஸ்கூட்டரில் காலடியில் வைத்துக்கொண்டு, செண்பகம் டீச்சர் வீட்டுக்குக் கிளம்பினார்.

இந்தச் செண்பகம் டீச்சர் அவரைவிட வயதில் சின்னவர். தீப்பெட்டி ஆபீசுக்கும் ஹாக்கிக்கும் பேர்போன அந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர். ஒரு காலத்தில் மாநிலத்துக்கு ஆடியவர். கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு முகாம் நடத்த அவரைப் போட்டபோது, தொப்பை விழுந்த பி.டி. மாஸ்டர்கள் எல்லாரும் வாயைக் கோணினார்கள். "இந்தப் பிள்ளையா நமக்குச் சொல்லித் தரப்போகுது?" என்று முதலில் சொன்னதே சவரிமுத்து சார்தான். முகாம் முடிந்த அன்றைக்கு டீச்சருக்கு முதல் சீடரும் அவர்தான். அதில் அவருக்கு வெட்கம் எதுவும் இல்லை. ஒரே ஒரு குறை உண்டு. டீச்சர் எதற்கும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்.

டீச்சர் கொல்லையில் உட்கார்ந்து, கிழிந்துபோன கோல் வலையை நைலான் கயிறால் முடிந்துகொண்டிருந்தார்.

"வாங்க சார். கப்பு வாங்குன கையோட வந்திருக்கீங்க. காப்பி போடட்டுமா?"

"காப்பி வேண்டாம் டீச்சர். ஒரு கேள்வி இருக்கு."

"கேளுங்க."

"நல்ல டீம்தானே எப்பவும் கப்பு ஜெயிக்கணும்?"

டீச்சர் கயிற்று நுனியைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"இது தோத்தவங்க கேக்கிற கேள்வியாச்சே. ஜெயிச்ச நீங்க எதுக்குக் கேக்கிறீங்க?"

அவ்வளவுதான். சவரிமுத்து சார் அப்படியே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அந்த ஊர் மைதானம் சரள் மண். நேற்றுப் பெருக்கினால் இன்றைக்குக் கல் தலைநீட்டும். அதனால் ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு டீமும் வரிசையாக நின்று, குனிந்தபடியே நடந்து கல் பொறுக்குவார்கள். யார் எந்தக் கோலைக் காக்கப் போகிறார்களோ அந்தப் பாதி அவர்கள் பொறுப்பு. எழுதின சட்டம் கிடையாது. ஆனால் மீறினவனை ஊர் மன்னிக்காது. ஃபைனல் அன்று சவரிமுத்து சாரின் டீம் பிள்ளைகளும் பொறுக்கிக்கொண்டேதான் வந்தார்கள். கோல் வாசலை நெருங்கும்போது சிறப்பு விருந்தினர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து இறங்கிவிட்டார். போட்டோ எடுக்க வேண்டும், வாங்க வாங்க என்று கூப்பிட்டார்கள்.

"அப்புறம் வந்து பொறுக்கிக்கலாம்னு நான்தான் சொன்னேன் டீச்சர். போட்டோ முடிஞ்சதும் அம்பயர் விசில் ஊதிட்டாரு. கோல் வாசல் அப்படியே கிடந்துபோச்சு."

"சரி."

"இடைவேளைக்கு அப்புறம் பக்கம் மாறிச்சு. அந்தக் கோல்ல எதிர் டீம் கோச் கோமதிநாயகத்தோட கோல்கீப்பர் பொண்ணு நிக்குது. ஆட்டம் முடியப்போற நேரம். எங்க பிள்ளை ஒண்ணு சொத்தையா ஒரு அடி அடிச்சுது. உருண்டு உருண்டு போச்சு. அதை ஒரு கைக்குழந்தைகூட நிறுத்தியிருக்கும். அந்தப் பொண்ணு கால்ல கட்டின பேடை வச்சிக் காத்துக்கிட்டு நிக்குது. பந்து ஒரு கல்லுல தட்டி, பேடுக்கு மேல தாண்டி, கோலுக்குள்ள போயிருச்சு."

"இந்த வருஷம் பூரா ஒரு மேட்ச்கூடத் தோக்காத டீம் டீச்சர் அது. எங்களைவிட நல்ல டீம். இது எனக்கே தெரியும். மாதா மேல சத்தியமா நான் வேணும்னு விடல. ஆனா நான் விட்ட கல்லுதானே கோல் போட்டுச்சு? இன்னைக்குச் சாயங்காலம் மேடையில உள்ளதைச் சொல்லிட்டு, கப்பைக் கோமதிநாயகத்துக்கிட்டக் குடுத்திரப்போறேன்."

"உங்க பிள்ளைங்க?"

சவரிமுத்து சார் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"குடுத்தா அதுங்க மூஞ்சியப் பாக்க முடியாது. குடுக்கலன்னா என் மூஞ்சிய நானே பாக்க முடியல."

டீச்சர் வலையைத் திருப்பிப் போட்டு அடுத்த ஓட்டையைத் தேடினார்.

"குடுக்கிறது இருக்கட்டும் சார். பொறுக்காம விட்டேன்னு சொன்னீங்களே, அந்த இடத்தை முதல்ல போய்ப் பொறுக்கிட்டு வாங்க."

"இப்பவா? ஆட்டமே முடிஞ்சாச்சு, இப்பப் பொறுக்கி என்ன ஆகப்போகுது?"

"பொறுக்கிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

இதுதான் டீச்சர். சவரிமுத்து சார் மனசுக்குள் முனகிக்கொண்டே ஸ்கூட்டரை உதைத்தார்.

மைதானத்தில் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. கிழக்குப் பக்கத்துக் கோல் வாசலில் யாரோ ஒரு ஆள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தால், கோமதிநாயகம்!

இவர்கள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. கோமதிநாயகம் தன் டீமுக்குப் பார்த்து வைத்திருந்த ஒரு பிள்ளையைச் சவரிமுத்து சார் தன் கல்லூரியில் சேர்த்துக்கொண்டார் என்று சண்டை. எதிரே வந்தால் ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்வார், இன்னொருவர் வானத்தைப் பார்ப்பார். இப்போது செருப்பு வாரும் இல்லை, திரும்பிப் போகவும் வழியில்லை.

"நீரு இங்க என்ன வே செய்யிறீரு?" என்றார் சவரிமுத்து சார்.

"பாத்தா தெரியலையா? முத்துக் குளிக்கிறேன்."

"இல்ல, யாரு சொல்லி..."

"செண்பகம் டீச்சரு. நேத்துச் சாயங்காலம் போனேன். நல்ல டீமு ஏன் டீச்சர் தோக்குதுன்னு கேட்டேன். கிழக்கு கோல் வாசல்ல போய்க் கல்லுப் பொறுக்கும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நல்லாக் கேட்டேன் கேள்வி! உமக்கு என்ன? கப்பு வாங்குன மனுசன், சாயங்காலம் சால்வை வேற. இங்க எதுக்கு வந்தீரு?"

சவரிமுத்து சார் மறைக்காமல் சொல்லிவிட்டார். கோமதிநாயகத்தின் எதிரிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, போட்டோவைச் சொன்னார், அப்புறம் பொறுக்கிக்கலாம் என்று தான் சொன்னதைச் சொன்னார், மஞ்சள் பையைத் திறந்து கப்பை எடுத்து மண்ணில் வைத்தார்.

"இது உம்முடையது. எடுத்துக்கிடும்."

கோமதிநாயகம் கப்பைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தார். முகம் சிவந்துகொண்டே வந்தது. அறையத்தான் போகிறார் என்று சவரிமுத்து சார் நினைத்தார். அறைந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார்.

"அடப்பாவி மனுசா," என்றார் கோமதிநாயகம். "பக்கம் மாறினதும் கோல் வாசலைப் பாக்க வேண்டியது யாரு?"

"அந்தப் பக்கத்துக்கு வாறவங்க."

"யாரு வந்தா?"

"நீங்க."

"பாத்தோமா?"

சவரிமுத்து சார் விழித்தார்.

"பாக்கல வே! இடைவேளையில பிள்ளைகளைக் கூட்டி வச்சு நான் என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன் தெரியுமா? கப்பு வாங்கும்போது யாரு நடுவுல நிக்கணும், யாரு ஓரத்துல நிக்கணும்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். எங்க கோல்கீப்பரு நான் போய்க் காலால தள்ளிட்டு வாறேன் சார்னு எந்திரிச்சுது. உக்காரு பிள்ளே, இதை முதல்ல கேளுன்னு நான்தான் உக்கார வச்சேன்."

அவர் கையிலிருந்த கற்களைத் தூர எறிந்தார்.

"அதோட விட்டேனா? பஸ்ஸுல திரும்பும்போது அந்தப் பிள்ளையையே எல்லார் முன்னாலயும் ஏசினேன். கண்ணு என்ன முன்னால இல்லாம பொடதியிலயா இருக்குன்னு கேட்டேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல வே. நீங்கதானே சார் உக்காரச் சொன்னீங்கன்னு கேட்டிருக்கலாம்ல? கேக்கல. ஹாஸ்டல்ல சாப்பிடாமக் கிடக்காம். நல்ல டீமாம், தோக்காத டீமாம்! வாத்தியான் லட்சணம் இது."

சொல்லிவிட்டுத் துண்டால் மூக்கைச் சிந்தினார். சவரிமுத்து சார் குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கினார்.

"அப்ப நீரு போட்டோவுக்குப் போனீரு," என்றார் கோமதிநாயகம் மெதுவாக. "நான் போட்டோவுக்கு ஆள் நிறுத்திக்கிட்டு இருந்தேன்."

முதலில் சிரித்தது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. கோமதிநாயகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சவரிமுத்து சாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. ஃபைனல் முடிந்ததிலிருந்து மூச்சு இன்றைக்குத்தான் முழுசாக உள்ளே போய் வெளியே வந்தது.

"கப்பை எடுத்துக்கிடும் வே," என்றார் மறுபடியும்.

கோமதிநாயகம் கப்பைத் தூக்கிச் சுண்டிப் பார்த்தார். திருப்பி அடியைப் பார்த்தார்.

"பித்தளைதானா? நான் வெள்ளியோன்னு நெனைச்சு இதுக்குப் போய் அழுதுட்டேனே." பைக்குள்ளேயே போட்டார். "கொண்டுட்டுப் போம். தூக்கிக் குடுத்த கப்பை எங்க பிள்ளைக தொடாது. இன்னொண்ணும் சொல்லுதேன். ஆட்டம் பூரா உம்ம வாசலைத் தட்டிக்கிட்டே இருந்தோம். கோல் அடிக்கிற வாய்ப்பா, ஷார்ட் கார்னரா வாங்கினோம். உம்ம டீம்ல பின்னால நின்ன அந்த நெட்டைப் பிள்ளை ஒண்ணையும் விடல. அதுவும் கல்லா வே தடுத்துச்சு?"

"இல்ல. அது கனகாம்பரம். நல்லாத் தடுத்தா."

"அப்பச் சொல்லும். அந்தப் பிள்ளைகிட்ட இருந்து கப்பைப் பிடுங்கிக் குடுக்க நீரு யாரு?"

அந்தக் கேள்வி சவரிமுத்து சாருக்கு உறைத்தது. தன் பாவத்தையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததில், கனகாம்பரம் அடி வாங்கிய முழங்காலோடு கடைசிவரை நின்றது அவருக்கு ஞாபகமே இல்லை.

"மேடையில சொல்லணும்னா கல்லுக் கதையைச் சொல்லும்," என்றார் கோமதிநாயகம். "சாயங்காலம் நானும் வாறேன். என் கதையை நான் சொல்லுதேன். இப்ப வெயில் இன்னும் ஏறுறதுக்கு முந்தி இதை முடிப்போம். முடிச்சிட்டு நான் ஹாஸ்டலுக்குப் போகணும். அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

இரண்டு பேரும் அக்கம்பக்கமாகக் குனிந்து பொறுக்கினார்கள். நடுநடுவே பழைய சண்டையையும் எடுத்தார்கள். சண்டைக்குக் காரணமான அந்தப் பிள்ளை யாரிடம் முதலில் இடம் கேட்டது என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் சத்தம் இல்லாமல் பேசினார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரே டீம் மாதிரித்தான் தெரிந்திருக்கும்.

ஹாஸ்டலுக்குப் போகிற வழியில் இரண்டு பேரும் டீச்சர் வீட்டுக்குப் போனபோது வலை முடிந்து கொடியில் தொங்கியது. டீச்சர் கேட்காமலேயே மூன்று தம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்தார். இரண்டு பேரும் ஒன்றாக வந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பொறுக்கியாச்சா?"

"ஆச்சு டீச்சர்," என்றார் சவரிமுத்து சார்.

"ஒரு கல்லுகூட மிச்சம் இல்லையே?"

சவரிமுத்து சார் கோமதிநாயகத்தைப் பார்த்தார்.

"இருக்கும் டீச்சர்," என்றார் கோமதிநாயகம். "சரள் மண்ணு. நாளைக்கே முளைக்கும்."

டீச்சர் தலையாட்டிவிட்டுக் காப்பியை ஆற்றினார். சவரிமுத்து சார் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"காலையில கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே டீச்சர். நல்ல டீம்தான் எப்பவும் கப்பு ஜெயிக்குமா?"

"நானும் நேத்துலருந்து காத்துக்கிட்டு இருக்கேன்," என்றார் கோமதிநாயகம்.

டீச்சர் இரண்டு பேருடைய மண் படிந்த கைகளையும் பார்த்தார்.

"நல்ல டீம்தான் எப்பவும் ஜெயிக்கும்னா கப்பைத் தபால்ல அனுப்பி வச்சிடலாமே சார். நாம எதுக்கு வெயில்ல குனிஞ்சு கல்லுப் பொறுக்குறோம்?"