பன்றிக்குக் கட்டிய கம்பி

கொல்லிமலை அடிவாரத்தில் இருந்த அந்த மடத்துக்குச் சீடராக வருகிறவர்கள் திருநீற்றுப் பையோடு வருவார்கள். தணிகாசலம் ஒரு சுருள் ஜிஐ கம்பியோடு வந்தார். ஆயுசெல்லாம் ஹார்டுவேர் கடை நடத்திய கை, சும்மா இருக்குமா? வாளிப் பிடி அறுந்தால் கம்பி, புடலைப் பந்தல் சரிந்தால் கம்பி, கோழிக்கூட்டுக் கதவு ஆடினால் அதற்கும் கம்பி. மழையில் கிடந்தாலும் லேசில் துருப்பிடிக்காது என்று கேட்காதவர்களிடமும் சொல்லுவார்.

மடத்தின் குரு உலகாம்பிகை அம்மா அவரைவிட வயதில் சின்னவர். தணிகாசலத்தின் வேலைகளைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

ஆடிப் பூசை அன்னதானத்துக்கென்று தணிகாசலம் மரவள்ளி போட்டிருந்தார். கிழங்கு பிடிக்கிற நேரத்தில் காட்டுப்பன்றிகள் வந்து பாதிக்குமேல் கிளறித் தின்றுவிட்டன. அவருக்கு வயிறு எரிந்தது. தகரம் தட்டினார், பழைய சேலைகளைச் சுற்றிலும் கட்டினார். பன்றிகள் அசரவில்லை. கடைசியில் தோட்டத்தைச் சுற்றி முழங்கால் உயரத்தில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்றாகக் கம்பி இழுத்து, மோட்டார் கொட்டகை மின்சாரத்தில் சேர்த்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மனசு உறுத்தியது. மத்தியானம் குருவிடம் போய் நின்றார்.

"அம்மா, ஒரு சந்தேகம். நாம அடிக்கல, தொரத்தல. அதுவா வந்து தொட்டு, அதுவா சாகுது. அந்தப் பாவம் யாரைச் சேரும்?"

அம்மா அவர் விரல்களில் இருந்த கம்பிக் கீறல்களையும், தோட்டத்தைச் சுற்றி இழுத்திருந்த புதுக் கம்பியையும் பார்த்தார்.

"சாயந்தரம் சொல்றேன்."

பொழுது சாய்ந்தது. தணிகாசலம் சுவிட்சைப் போட்டுவிட்டு, கொட்டகை ஓரமாக உட்கார்ந்து விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். குளித்துவிட்டு வந்த அம்மா, பிழிந்த சேலையோடு தோட்டத்துப் பக்கம் நடந்தார். தணிகாசலத்துக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. அம்மா ஈரச் சேலையை உதறி விரித்து, காயப்போடுவதற்குக் கம்பியை நோக்கிக் கையை நீட்டியபோதுதான் விளங்கியது.

விளக்கைத் தட்டிவிட்டுக் கொட்டகைக்குள் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தார்.

அம்மா நின்றுகொண்டிருந்தார். கைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

தணிகாசலம் ஓடிவந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. தெரிந்துகொண்டே இப்படிச் செய்யலாமா, ஒரு நொடி பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று புலம்பினார்.

"அது பன்னிக்குக் கட்டினதும்மா. உங்களுக்கு இல்ல."

அம்மா சேலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதைக் கம்பிகிட்ட சொன்னீங்களா?"